விதியை விட்டுவிடுங்கள்

எங்கள் தெரு நல்லவர்கள் நிறைந்த தெரு. ஸ்ரீரங்கத்தில் கெட்டவர்கள் நிறைந்த தெரு எது என்று கேட்காதீர்கள். கெட்டவர்கள் செய்கிற காரியங்களைப் பற்றி எழுதிவைக்கப் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள் செய்கிற காரியங்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த வேலை வந்து சேர்கிறது.

ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலை. கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து மொபெட்டில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மனிதர், பாலத்தைத் தாண்டித் திருவானைக்காவலை நெருங்குகிற சமயத்தில் ஒரு காரில் அடிபட்டு இறந்துபோனார். காரை ஓட்டி வந்தவன் எங்கள் தெருப் பிள்ளை. இருபத்தைந்து வயது. குடிக்கிற வழக்கம் கிடையாது. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். சென்னையிலிருந்து இரவு முழுவதும் ஓட்டி வந்து, வீட்டுக்குப் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டான்.

சம்பந்தப்பட்டவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக மாதம், இடம், தொழில் இவற்றில் சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். மாற்றாமல் சொல்வது ஒன்றை மட்டும்தான்: அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்த பேச்சு.

முதல் பேச்சு, "விதி." இதைச் சொன்னவர் அந்தப் பையனின் தகப்பனார். செய்தி வந்த அரைமணி நேரத்துக்குள் சொன்னார். இரண்டாவது, எதிர்வீட்டு மாமி சொன்னது: "நல்ல காலம், பையனுக்கு ஒண்ணும் ஆகலே. பெருமாள்தான் காப்பாத்தினார்." பெருமாள் எங்கள் தெருப் பிள்ளையைக் காப்பாற்றினாராம். அவருக்கே பூக் கொண்டுவந்த மனிதரை என்ன செய்தார் என்று மாமி யோசித்துப் பார்க்கவில்லை. மூன்றாவது பேச்சு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது: "ஹெல்மெட் போட்டிருந்தானாமா?" நாலாவது, "இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கோன்னோ?" மனிதன் உயிரோடு இல்லை, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தது. அதில் எல்லோருக்கும் ஓர் ஆறுதல். ஐந்தாவது பேச்சு மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டது: "இவாள்ளாம் இப்படித்தான், திடீர்னு குறுக்கே வந்துடறா."

காலையில் செத்தவர் மத்தியானத்துக்குள் குற்றவாளி ஆகிவிட்டார். கொள்ளிடம் பாலத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வருகிற மொபெட்டும், அதே பாலத்திலிருந்து அதே ஊருக்கு வருகிற காரும் ஒரே திசையில்தான் போக முடியும். மொபெட் நசுங்கியிருந்தது பின்பக்கத்தில். பின்னாலிருந்து அடிபட்டவர் எப்படி ஐயா குறுக்கே வந்திருப்பார்? இதை நான் கேட்டேன். "உமக்கு எல்லாத்திலேயும் கதை வேணும்" என்றார் ஓய்வு பெற்ற பெரியவர்.

மூன்றாம் நாள் இரவு அந்தப் பையன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமா, நான் ரோட்டைப் பார்க்கலே" என்றான்.

"வேறே எதைப் பார்த்தே?"

"போன் அடிச்சுது. ஆத்துலேருந்துதான். எங்கே வரேன்னு கேட்டா. பாலம் தாண்டிட்டேன்னு சொன்னேன். வெச்ச உடனே இன்னொண்ணு வந்து வெளிச்சம் போட்டுது. என்னன்னு பார்த்தேன். அவ்வளவுதான் மாமா."

அவ்வளவுதான். விதி என்று அந்த வீட்டிலிருந்து ஏன் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு உரக்க வந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது. அந்த வீட்டுக்கு உண்மை தெரியும். தெரிந்த உண்மையின்மேல் போட்டு மூடுவதற்குக் கைக்கு எட்டிய துணி அது.

விதியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இடி விழுந்து ஒருவன் செத்தால் விதி என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். ஆனால் நம் ஊரில் விதி விசித்திரமான விதியாக இருக்கிறது. அது எப்போதும் செத்தவன் தலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கொன்றவன் கையில் என்ன இருந்தது என்று அது பார்ப்பதே இல்லை. "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்கிறோம். "இவன் கவனம் அவ்வளவுதான்" என்று ஒருவரும் சொல்வதில்லை.

பத்திரிகைகளும் இந்த உபகாரத்தைத் தவறாமல் செய்கின்றன. "கார் மோதி வியாபாரி பலி." "கட்டுப்பாட்டை இழந்த கார் மரத்தில் மோதியது." தமிழ் எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் கேட்கிறேன்: இந்த வாக்கியங்களின் எழுவாய் எங்கே போயிற்று? கார் எப்படிக் கட்டுப்பாட்டை இழக்கும்? அதற்கு எப்போது கட்டுப்பாடு இருந்தது? இழந்தவன் உள்ளே உட்கார்ந்திருந்த மனிதன். திருட்டு நடந்தால் "கை பட்டுப் பணம் மறைந்தது" என்றா எழுதுகிறோம்? கத்திக்குத்து நடந்தால் "கட்டுப்பாட்டை இழந்த கத்தி" என்று யாராவது எழுதினால் ஆசிரியர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சாலையில் மட்டும் மனிதன் மாயமாக மறைந்து, இரும்பு தானாகக் கொலை செய்கிறது.

இது இன்று வந்த வழக்கம் அல்ல. மோட்டார் பிறந்தபோதே இதுவும் பிறந்துவிட்டது. 1896-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 17-ந் தேதி லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்கிற மாது ஒரு காரில் அடிபட்டு இறந்தாள். பிரிட்டனில் மோட்டார் காருக்குப் பலியான முதல் பாதசாரி அவள்தான். மணிக்கு நாலு மைல் வேகத்தில்தான் வந்தேன் என்றார் ஓட்டியவர். நெருப்பணைக்கும் வண்டிபோல் பறந்து வந்தது என்றார் பார்த்தவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு பேசிக்கொண்டு வந்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. விசாரணை ஆறு மணி நேரம் நடந்தது. முடிவு, "தற்செயலான மரணம்." இப்படி ஒன்று இனி ஒருநாளும் நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி விரும்பினாராம். அந்த நல்ல மனிதரின் விருப்பத்துக்குப் பிறகு நடந்தவற்றை எண்ணிச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை.

நம் தேசத்துக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசே அச்சிட்டிருக்கிற கணக்கு இது. நாளொன்றுக்கு 462 பேர். அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் தேசத்திலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நம் மாநிலத்தில் மட்டும் 17,884 உயிர்கள். இதே கணக்கில், ஓட்டுகிறபோது கைப்பேசி பயன்படுத்தியதால் நேர்ந்த மரணங்கள் என்று தேசம் முழுவதற்கும் போட்டிருப்பது 3,395. நூற்றுக்கு இரண்டு. இதைப் பார்த்துச் சிலர் திருப்திப்படக்கூடும். நான் திருப்திப்படவில்லை. எங்கள் தெருப் பிள்ளையின் வழக்கு இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் ஏறியிருக்கும்? அவன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கைப்பேசி என்கிற சொல்லே கிடையாது. வக்கீல் அப்படித்தான் எழுதச் சொன்னார். கைப்பேசியைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய இருவரில் ஒருவர் செத்துப்போகிறார், மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார். நூற்றுக்கு இரண்டு என்பது ஒப்புக்கொண்டவர்களும் அகப்பட்டவர்களும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"ஒரு நிமிஷம் பார்த்தேன், இரண்டு விநாடி பார்த்தேன்" என்கிறார்களே, அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். நான் கல்லூரிப் படிப்பை முழுதாக முடிக்காதவன். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடப் படிப்பே போதும். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஐந்து விநாடியில் எண்பத்து மூன்று மீட்டர். நம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. சுமார் எழுபத்திரண்டு மீட்டர். அதாவது யாரோ அனுப்பிய காலை வணக்கத்தைப் படிக்க ஐந்து விநாடி குனிகிற மனிதன், ராஜகோபுரத்தைச் சாலையில் நீளவாட்டில் படுக்கவைத்தால் எவ்வளவு தூரமோ அதற்கும் மேலாகக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறான். கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டு என்று அவனிடம் சொன்னால், பைத்தியமா உனக்கு என்று கேட்பான்.

"நான் கையில் பிடிப்பதில்லை, காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறேன்" என்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1997-ல் கனடாவில் டொரண்டோ நகரத்தில் விபத்தில் சிக்கிய 699 காரோட்டிகளின் தொலைபேசிக் கணக்குகளை வாங்கிப் பரிசீலித்தார்கள் ரெடல்மையர், டிப்ஷிரானி என்கிற இரு அறிஞர்கள். தொலைபேசியில் பேசுகிறபோது விபத்து நேருகிற அபாயம் நாலு மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசுகிற கருவியினால் பத்திரம் கூடியதாகத் தெரியவில்லை என்றும் கண்டார்கள். இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மனைவி கணக்குக் கேட்கிறாள், மேலதிகாரி கோபிக்கிறார், மகன் பரீட்சையில் தவறிவிட்டான். இந்த மூன்றுக்கும் மனத்தைக் கொடுத்துவிட்டு, சாலைக்குக் கண்ணை மட்டும் கொடுத்தால் என்ன பிரயோசனம்? பார்க்கிறதும் மனந்தானே!

சித்திரைத் தேர் ஓடுகிறபோது ஒரு காட்சி பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். வாத்தியங்கள் முழங்குகின்றன, "ரங்கா ரங்கா" என்று வானம் அதிர்கிறது. எல்லோருடைய கண்ணும் மேலே, பெருமாளைப் பார்த்து. சில ஆட்கள் மட்டும் பெருமாளைப் பார்ப்பதில்லை. முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நகர்கிறார்கள். தேர் வீதி முழுவதும் சுற்றி நிலைக்கு வருகிற வரைக்கும் அவர்களுக்குத் தரிசனம் கிடையாது. பெருமாளையே பார்க்காமல் சக்கரத்தைப் பார்க்கிற மனிதர்கள் வாழ்கிற ஊரில், ஒரு கண்ணாடித் துண்டில் வெளிச்சம் வந்ததும் சாலையை விட்டுவிடுகிறவர்களும் வாழ்கிறார்கள். எது பக்தி என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தேர் என்றதும் திருவாரூர் நினைவு வருகிறது. மனுநீதிச் சோழனின் கதையை நாம் எல்லோரும் சிறு பிராயத்திலேயே கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்தும் கும்பிடுகிறோம். ஆனால் அந்தக் கதையைச் சாலை விபத்துக் கதையாக நாம் படித்ததில்லை. சேக்கிழார் சொல்கிறபடி இளவரசன் பேரில் பெரிய குற்றம்கூட இல்லை. கூட்டத்தில் யாரும் அறியாமல் துள்ளிவந்த கன்று சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. அவன் கையில் கைப்பேசி இல்லை. அப்போது மந்திரிகள் என்ன சொன்னார்கள்? இளவரசன் செய்ததற்கு சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் போதும் என்றார்கள். எங்கள் தெருவில் அன்று பேசியவர்கள் அத்தனை பேரும் அந்த மந்திரிகளின் வம்சம். இன்ஷூரன்ஸ் என்பது அந்தப் பிராயச்சித்தத்தின் இந்தக் காலத்துப் பெயர். அரசன் ஒருவன்தான் வேறு கேள்வி கேட்டான்: வேறொருவன் செய்திருந்தால் இப்படித்தான் பேசுவீர்களா?

அந்த ஒரு கேள்வி போதும். அந்த மொபெட்டில் வந்தவர் எங்கள் தெருப் பிள்ளையாகவும், காரை ஓட்டியவர் அக்கரை மனிதராகவும் இருந்திருந்தால் எங்கள் தெருவில் விதி என்கிற சொல் எழுந்திருக்குமா? "அவனை விட்டுவைக்கலாமா?" என்றல்லவா எழுந்திருக்கும்!

இங்கே அவசரப்பட்டு என்னோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்க்காலில் இட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழி வாங்குகிற கூச்சலும் எனக்குப் பிடிப்பதில்லை; அதுவும் தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் தப்பிக்கிற இன்னொரு வழி. 2024 மே 19-ந் தேதி விடியற்காலை புனே நகரத்தில், விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரை ஓட்டிய பதினேழு வயதுப் பையன் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளம் எஞ்ஜினீயர்கள் இறந்துபோனார்கள். அன்றே அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்தைப் பற்றி முந்நூறு வார்த்தையில் ஒரு வியாசம் எழுத வேண்டும் என்பது. தேசம் கொதித்தது, நியாயமான கொதிப்பு. பிறகு ரத்த மாதிரியை மாற்றிவைத்ததாகக் குற்றம் சாட்டி டாக்டர்களையே கைது செய்தார்கள். அந்த வியாசத்தைப் பற்றி ஒரு மாதம் எங்கள் தெருவும் காறித் துப்பியது. புனே தூரத்தில் இருக்கிறது. துப்பினால் நம்மேல் விழாது. துப்பியவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிக் காய்கறி வாங்கிவரச் சொன்னவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். அஜாக்கிரதையினால் மரணம் விளைவிப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 1870-ல் சேர்த்தது. அந்த வருஷத்தில் உலகத்தில் பெட்ரோல் கார் கிடையாது. அதிகபட்ச தண்டனை இரண்டு வருஷம். குதிரை வண்டிக் காலத்து அந்த இரண்டு வருஷம், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அசையாமல் இருந்து, 2024 ஜூலை முதல் தேதி புதிய பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான் ஐந்து வருஷம் ஆயிற்று. ஓட்டுகிறபோது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது அபாயகரமான ஓட்டுதல் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் அழ வேண்டாம். சட்டம் இருக்கிறது. வாக்குமூலத்தில்தான் எழுவாய் இல்லை.

இந்த ஜில்லாவுக்கு ஒரு பழைய பெருமை உண்டு, அதை மறந்துவிட்டோம். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை, அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்த அரியலூருக்கு அருகே, மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. ரயிலை அவர் ஓட்டவில்லை. பாலத்தை அவர் கட்டவில்லை. மழையை அவர் வரவழைக்கவில்லை. விதி என்று சொல்ல உலகத்தில் ஒருவருக்கு வசதி இருந்தது என்றால் அது அவருக்குத்தான் இருந்தது. அவர் ராஜினாமா செய்தார். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே ராஜினாமாவை நீட்டியிருந்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். செத்தவர்கள் யாரும் அதனால் பிழைத்து வரவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மரணத்தின் முன்னால் ஒரு மனிதன் எப்படி நிற்க வேண்டும் என்பதை, ஆயிரம் மைலுக்கு அப்பால் டில்லியில் இருந்த ஒருவர் இந்த ஜில்லாவுக்குக் காட்டிக்கொடுத்தார். பத்து விரலும் ஸ்டீரிங்கில் இருக்க வேண்டிய நேரத்தில் வேறெங்கோ இருந்த ஒருவனால் அதில் நூற்றில் ஒரு பங்கு செய்ய முடியாதா? "நான் பார்க்கவில்லை" என்கிற இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியாதா?

அதைத்தான் நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "திண்ணையில் எங்கிட்டே சொன்னதை அவாகிட்டே சொல்லு" என்றேன். மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். நாற்பது வருஷப் பழக்கம். நான் அரைநிஜார் போட்ட காலத்திலிருந்து என்னை அறிந்தவர். "குழந்தை வாழ்க்கையைக் கெடுத்துடாதே" என்றார். "போலீஸார் என்னைக் கேட்டால் அவன் சொன்னதைச் சொல்வேன் மாமா" என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் காபி கிடையாது. போலீஸார் இதுவரை என்னைக் கேட்கவுமில்லை. கேட்காதபோது நானாகப் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. நேயர்கள் என்னை வீரனாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஊரிலிருந்து வருகிறபோது டாக்ஸி வரச் சொல்வேன். ஜங்ஷன் வாசலில் நின்றுகொண்டு, ஐந்து நிமிஷம் தாமதமானால் டிரைவருக்குப் போன் செய்வேன். "எங்கேப்பா இருக்கே?" அவர் பதில் சொல்வார்: "பாலக்கரை தாண்டிட்டேன் சார்." பாலக்கரை நெரிசலில் அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் எனக்குப் பதில் சொல்கிறார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தோன்றியது. கைப்பேசியைப் பிடித்த கை அவருடையது. அழைத்த விரல் என்னுடையது. பாலக்கரையில் யாராவது செத்திருந்தால் டிரைவர் பேரில் வழக்குப் போட்டிருப்பார்கள். நான் பத்திரிகையில் படித்துவிட்டு, "இந்த டிரைவர்களே இப்படித்தான்" என்று அபிப்பிராயம் சொல்லியிருப்பேன்.

ஆகவே நேயர்களிடம் கேட்டுக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வெளியே போயிருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டால் முதல் வார்த்தையாக, "வண்டி ஓட்டறியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிடுங்கள். பிள்ளை பத்து நிமிஷம் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார்கள் பத்து நாள் தாங்கினார்கள். ஓட்டுகிறவர்களுக்கு: அதை அணைத்துப் பையில் போட்டுப் பின் ஆசனத்தில் வையுங்கள். உங்களால் ஒரு மணி நேரம் இல்லாமல் நடக்காத காரியம் உலகத்தில் எதுவும் இல்லை, எனக்கும் அப்படித்தான்.

விபத்தைப் பார்க்க நேருகிறவர்களுக்கும் ஒன்று. அன்று அந்தப் பூக்காரர் உயிரோடு கிடந்த நேரம் கொஞ்சம் உண்டு. சுற்றி நின்றவர்களில் சிலர் படம் பிடித்தார்கள். சிலர் பையனை அடிக்கப் போனார்கள். அவரைத் தொட்டுத் தூக்கத்தான் யோசித்தார்கள். போலீஸ் அலைக்கழிக்கும் என்று பயம். அந்தப் பயத்துக்கு இப்போது ஆதாரம் கிடையாது. அடிபட்டவர்களுக்கு உதவுகிறவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. 2019-ல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. பேர், விலாசம் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. முதல் நாற்பத்தெட்டு மணி நேர சிகிச்சைக்கான செலவை ஏற்கத் தமிழ்நாடு அரசு 2021-ல் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 108-ஐக் கூப்பிட ஒரு காசு செலவில்லை. கைப்பேசியைக் கட்டாயம் எடுக்க வேண்டிய ஒரே நேரம் அதுதான். அந்த நேரத்தில் நாம் அதைப் படம் பிடிக்க உபயோகிக்கிறோம்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் நான் கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருக்காரன் என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். வாசலில் மொபெட்டின் பின்னால் கட்டுகிற பூக்கூடை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அழவில்லை. ஏசவும் இல்லை. எங்கள் தெருவில் அத்தனை பேரும் சொன்ன அந்தச் சொல்லை அவளும் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்லவில்லை. என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஐயா, நல்லா விடிஞ்சிருச்சுங்களே. வண்டியில சிவப்பு லைட்டும் எரிஞ்சுதுன்னாங்க. இவருதான் முன்னால போயிட்டிருந்தாரு. அந்தத் தம்பி எதைப் பாத்துக்கிட்டு வந்துச்சுங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் "விசாரிக்கிறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்தப் பதில் என்னுடையது அல்ல, அவன் சொல்ல வேண்டியது என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் கொள்ளிடம் பாலம் வரைக்கும்கூட வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பிள்ளை இதைப் படிப்பான். என் எழுத்தை அவன் விடாமல் படிக்கிறவன். அப்பா, அந்த அம்மாளுக்கு உன்னிடமிருந்து ஒரு பதில் வர வேண்டும். தண்டனையைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். நீ போய்ப் பதிலைச் சொல். வழி தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடு, நான் கூட வருகிறேன். நடந்தே போகலாம்.